சம்பளம் ஏறக்கூடாது என்று ஒரு வேண்டுதல்

என் நண்பனுடைய மனைவியின் வலது முழங்காலைப் பார்த்து நான் ஏறக்குறைய ஒரு வருஷம் பொறாமைப்பட்டிருக்கிறேன். யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். என் மனைவியிடம் இந்த வரியைப் படித்துக் காட்டி, அவள் சிரித்து முடித்த பிறகுதான் மேலே எழுதுகிறேன்.

காலடிப்பேட்டையில் நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே கட்டடம். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. நான் இரண்டாவது மாடி, அவன் மூன்றாவது. வேலையும் ஒரே இடம்தான், சாத்தாங்காட்டில் இரும்புத் தகடு வெட்டும் ஒரு கம்பெனி. அவன் கிரேன் ஓட்டுபவன். கூரைக்குச் சற்றுக் கீழே கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். நான் தரையில் நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் சைகை காட்டுபவன். இருபது வருஷமாக என் கையைப் பார்த்துத்தான் இவன் பிழைக்கிறான் என்று நான் சொல்வேன். இருபது வருஷமாக இவன் வழுக்கையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறேன், கண் கூசுகிறது என்று அவன் சொல்வான்.

முட்டிவலியும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகத்தான் வந்தது. குழாயில் தண்ணீர் வராத காலத்தில், லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்குச் சுமந்த முட்டிகள் அவை. ஐம்பதை நெருங்கும்போது இரண்டு பெண்களும் ஒரே மாதிரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏற ஆரம்பித்தார்கள். இரண்டு பேருக்கும் டாக்டர் சொன்னதும் ஒன்றே. தேய்ந்துவிட்டது, மாற்றுவதுதான் வழி.

எங்களிடம் அப்போது கார்டு இருந்தது. எங்கள் பக்கத்தில் கார்டு என்றால் ஒன்றுதான். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு சின்னத் தொகை பிடித்துக்கொள்வார்கள், முதலாளியும் தன் பங்குக்குக் கட்டுவார். அதற்குப் பதிலாகத் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் அந்தத் திட்டத்தின் ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். காய்ச்சல் மாத்திரையிலிருந்து பெரிய ஆபரேஷன் வரை. வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் கார்டு கிடையாது.

அந்த வருஷம் சித்திரையில் ஷிப்ட் சூப்பர்வைசர் பதவி காலியானது. மேனேஜர் முதலில் கூப்பிட்டது அவனைத்தான். அவன்தான் சீனியர். அவன் உள்ளே போய் இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்தான்.

"இன்னா மாமு, இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"சூப்பர்வைசர் ஆவுறியான்னாரு. வேணாம் சார், ஓவர்டைம் குடுங்க போதும்னுட்டேன்."

"உனக்கு இன்னா பைத்தியமா?"

"ஓவர்டைம் துட்டு அந்தக் கணக்குல வராது. சம்பளம் ஏறுச்சுன்னா கார்டு பூடும். வூட்ல முட்டி கீது."

மேனேஜர் அடுத்து என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போகும்போதே தலையை ஆட்டிக்கொண்டுதான் போனேன்.

மறுநாள் இருபது பேருக்கு பிரியாணி. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "நம்ம தோஸ்து கூண்டுலயே குந்திக்கினு பழக்கமாயிட்டான், கதவத் தொறந்து உட்டாலும் வெளிய வரமாட்றான்" என்று பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் அவன் இலையில் இன்னொரு கறித்துண்டை வைத்து வாயை அடைத்துவிட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். "கார்டு இருக்கசொல்லவே முட்டிய முடிச்சிக்கலாமா?"

"சூப்பர்வைசர் பொண்டாட்டி போயி அந்தக் கூட்டத்துல நிப்பியா? கொஞ்சம் பொறு. பிரைவேட்ல பாத்துக்கலாம், ஏசி ரூமு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான புதிதில், எனக்கு நீச்சல் தெரியும் என்று காசிமேட்டுக் கடலில் இறங்கியபோதும் அதே பார்வைதான்.

ஆறு மாதம் கழித்து நண்பனின் மனைவிக்குக் கார்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. முதலில் வலது கால். இரண்டு மாதம் வாக்கரை வைத்துத் தட்டித் தட்டி நடந்தார். பிறகு ஒருநாள் காலை, வாக்கர் இல்லாமல், கைப்பிடிச் சுவரைத் தொடாமல், எங்கள் வாசலைக் கடந்து மாடிக்கு ஏறினார். கையில் துணி வாளி வேறு. ஒவ்வொரு படியிலும் செருப்பு டப், டப் என்று சீராக விழுந்தது. என் மனைவி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சத்தம் மூன்றாவது மாடிக்குப் போய் ஓயும்வரை தலையைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே லுங்கியை மாற்றிக்கொண்டிருந்தேன். எனக்கும் கேட்டது.

அன்று ஆரம்பித்தது.

அந்தச் செருப்புச் சத்தம் எனக்கு நஞ்சு. காலையில் காய்கறிக்கு இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை, துணி காயப்போட, துணி எடுக்க. போதாக்குறைக்கு மொட்டைமாடியில் வற்றல் போட ஆரம்பித்தார். இதற்கு முன் அந்த வீட்டில் யாராவது வற்றல் தின்று பார்த்ததுண்டா? முட்டி புதிது என்று ஊருக்குக் காட்டத்தான் இந்த வற்றல் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஒருநாள் அவர் தெருவில் சற்றே நொண்டினார். என் நெஞ்சுக்குள் இளநீர் குடித்ததுபோல் ஒரு குளிர்ச்சி. கிட்டே போய்ப் பார்த்தால் செருப்பு வார் அறுந்திருந்தது. நானே செருப்பு தைப்பவரிடம் எடுத்துப்போய்த் தைத்துக் கொடுத்தேன். பாவத்துக்குப் பரிகாரம் பத்து ரூபாய்.

இதில் இன்னொரு கொடுமை. அவர் நல்ல மனுஷி. ஒருநாள் அந்த வாக்கரைத் துடைத்துக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தார். "எனக்கு இனிமே வேணாம்க்கா. ரெண்டாவது காலு பண்ணசொல்ல வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் நீ வெச்சிக்கோ."

என் மனைவி கண்கலங்கி வாங்கிக்கொண்டாள். நான் அந்த வாக்கரோடு மூன்று மாதம் பேசவில்லை. இரவல் வாக்கர், அதுவும் நான் பிரியாணி போட்டுக் கேலி செய்தவன் வீட்டிலிருந்து. கழிவறைக்குப் போகும் வழியில் நின்றுகொண்டு, சூப்பர்வைசர் சார், ஓரமாகப் போங்கள் என்று சொல்வதுபோல் இருக்கும்.

மனைவி கீழே இறங்குவதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டாள். பால்காரர், காய்கறி வண்டிக்காரர் எல்லோரும் தெருவிலேயே நிற்பார்கள். இவள் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். அவன் ஒரு கிரேன் ஓட்டுகிறான், நம் வீட்டிலும் ஒரு கிரேன் வந்துவிட்டது என்று ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் அண்ணன் மகள் கல்யாணம் தண்டையார்பேட்டையில் நடந்தது. ஆட்டோவில் போனால் கால் மணி நேரம். மண்டபம் முதல் மாடி என்று தெரிந்ததும் போகவில்லை. போனில் படம் பார்த்தாள். இரண்டு வேளை சாப்பாட்டை எனக்கு எடுத்து வைத்துவிட்டு, அவள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் அந்த ஜோக்கைச் சொல்லவில்லை.

ஏசி ரூம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பிரைவேட் ஆஸ்பத்திரி ஒன்றில் கேட்டேன். வரவேற்பறையில் காபி கொடுத்தார்கள், ஒரு தாளில் மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு முட்டியின் தொகைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டை லீசுக்கு எடுத்துவிடலாம். காபியாவது நன்றாக இருந்தது என்று இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்து, ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் இன்னொரு காப்பீட்டுக்கு வருமானச் சான்று வாங்கப் போனேன். காலர் கிழிந்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். அங்கே இருந்தவர் சட்டையைப் பார்க்கவில்லை, சம்பளச் சீட்டைக் கேட்டார். சீட்டில் என் பெயருக்குக் கீழே சூப்பர்வைசர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான்தான் கணக்குப்பிரிவுப் பையனிடம் சொல்லி அதைப் பெரிதாகப் போட வைத்திருந்தேன்.

பிறகு ஒரு தனியார் காப்பீட்டு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். நெற்றியில் விபூதி, கையில் டேப்லெட்.

"ஏற்கனவே எதாச்சும் நோய் இருக்காங்கம்மா?"

"முட்டிதான்" என்றாள் மனைவி.

"அது வேணாம். வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க. முட்டிக்காகத்தான் எடுக்குறதே."

அவர் பொறுமையாக விளக்கினார். இதயம், கல்லீரல், விபத்து எல்லாவற்றுக்கும் உடனே பணம் தருவார்கள். முட்டிக்கு மட்டும் சில வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை பிரீமியம் கட்டிவர வேண்டும். வருஷத்துக்கு வருஷம் அது ஏறலாம்.

"அப்ப இப்போதைக்கு எனக்கு நெஞ்சுவலி வந்தா நல்லதுன்றீங்க" என்றாள் மனைவி.

அவர் சிரிக்காமல், "அதுக்கும் முப்பது நாள் ஆகணும்மா" என்றார்.

கடைசியில் மேனேஜரிடம் போய் நின்றேன். என்னைப் பழையபடி கீழே இறக்கிவிடுங்கள் என்று எழுதிய மனு கையில். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை படித்தார். "உங்க எடத்துல வேற ஆள் போட்டாச்சே. சம்பளத்தக் கொறச்சா தலைமை ஆபீஸ்ல காரணம் கேப்பாங்க. இன்னா எழுதறது, திருட்டுன்னு எழுதட்டுமா?" என்றார். மனுவை மடித்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். துறைமுகத்துக்குள் போக முடியாத அளவுக்குச் சரக்கு. நாடு வேகமாக வளர்கிறது என்று செய்தியில் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் சந்தேகப்படலாம். நான் பட மாட்டேன், அந்த வளர்ச்சிக்கு நடுவில்தான் நான் தினமும் சைக்கிளை நுழைக்கிறேன். என் சம்பளமும் வளர்ந்தது. இலவசத்துக்குக் கொஞ்சம் மேலே, காசு கொடுப்பதற்கு ரொம்பக் கீழே, அந்த இடைவெளிக்குள் சரியாகப் போய் விழுந்தது.

பதவி ஏறிய பிறகு, நண்பனிடம் போய்க் கேட்பதற்கு எனக்குப் பத்து மாதம் ஆயிற்று. கேட்க வேறு யாரும் மிச்சமில்லை என்றான பிறகு, ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் டீக்கடையில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வூட்ல முட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். கூடை எறங்குறத தெனம் பாத்துக்கினுதான கீறேன்."

"இன்னா பண்றதுன்னே தெரில மாமு."

அவன் டீயை ஆற்றினான். "நீ சூப்பர்வைசர் ஆனப்பவே முடிச்சிருக்கலாம். சம்பளம் நடுவுல ஏறுனா, அந்த அரைவருசம் முடியிற வரைக்கும் கார்டு செல்லும். உனக்கு அஞ்சு மாசம் கையில இருந்துச்சு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "இத்த ஏன்டா நீ அப்பவே சொல்லல?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ கறியப் போட்டு அடைச்ச."

அவன் இன்னொரு டீ சொன்னான். எனக்கு.

"உன் பொண்ணு வேலைக்குப் போவுதே, அதுக்கு கார்டு கீதா?"

மகள் ராயபுரத்தில், துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கும் ஓர் ஆபீசில் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கார்டு இருந்தது. இருமல்கூட வராத பெண், அதை வாங்கி அலமாரியில் போட்டதோடு சரி.

"அப்ப இன்னாத்துக்கு ஊரெல்லாம் சுத்துற? வருமானம் இல்லாத அம்மாவ புள்ள கார்டுல சேக்கலாம். சேத்துவுடு."

தெரிந்த இடத்தில் தேடாமல் தெரியாத இடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பதில், இவனுக்கு எப்படி இதெல்லாம் தெரிகிறது என்று வயிறுதான் எரிந்தது. பத்து வருஷம் வரிசையில் நின்றால் தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது.

மகள் அன்றே விண்ணப்பித்தாள். சான்றிதழ்கள், போட்டோக்கள், இரண்டு மூன்று அலைச்சல். என் மனைவி பெயர் கார்டில் ஏறியது. ஆஸ்பத்திரியில் பார்த்து, தேதிக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். இதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. மகளின் ஆபீசில் ஏப்ரல் மாதம்தான் சம்பளம் உயர்த்துவார்கள். கார்டுக்குப் புது அரைவருஷம் ஆரம்பிப்பதும் அதே மாதம்தான், அப்போது வரம்பைத் தாண்டினால் உடனே கார்டு போய்விடும். அவள் சம்பளம் வரம்புக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது.

நான் திருவொற்றியூர் அம்மன் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிடுவதில் எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. முன்னால் நின்ற அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "எம் புள்ளைக்கு பிரமோசன் குடு தாயீ" என்று வாய்விட்டே வேண்டினார். அவருக்குப் பின்னால் நின்று நான் வேண்டினேன், வாய்விடாமல்: தாயே, என் பிள்ளைக்குச் சம்பளம் ஏறக்கூடாது. ஏறினாலும் ரொம்ப ஏறக்கூடாது. அவள் நல்லா வேலை செய்கிறாள், அது முதலாளி கண்ணில் படாமல் பார்த்துக்கொள். உலகத்தில் எந்தத் தகப்பனாவது இப்படிக் கேட்டிருப்பானா என்று தெரியாது. அர்ச்சகர் தட்டை நீட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அம்மன் கேட்டதில் பாதியைக் கொடுத்தாள். சம்பளம் ஏறியது, வரம்பைத் தொடவில்லை. மகள் முகம் சுண்டி வந்தாள். "இவ்ளோதான் போட்டாங்க நைனா. நானு எவ்ளோ வேலை செஞ்சேன் தெரியுமா?" நான், "விடும்மா, உலகம் அப்படித்தான்" என்றேன். அந்த ஆறுதலைச் சொன்ன வாயால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனியில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் படிவம் பூர்த்தி செய்தவர், கார்டு யாருடையது என்று கேட்டார். மகள் முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"வூட்டுக்காரரு."

"சரி, கொஞ்சம் அப்பால நில்லுங்க."

நான் அப்பால் நின்றேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களை எல்லாம் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எல்லோரும் தங்கள் சொந்தக் கார்டில் மனைவியைச் சேர்த்திருந்தார்கள்.

வலது கால் நன்றாகத் தேறியது. இடது காலைச் சில மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த நடுவில்தான் மகளுக்கு ஒரு பெரிய கப்பல் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. நல்ல சம்பளம், ஏசி பஸ் வந்து கூட்டிப் போகும். அந்தச் சம்பளத்துக்குக் கார்டு கிடையாது. அவர்களின் காப்பீட்டில் அவளுக்கு மட்டும்தான் இடம், அம்மாவுக்கு இல்லை. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எங்களிடம் சொல்லவே இல்லை. அவள் தோழி போன் செய்து கேட்டபோது மனைவி காதில் விழுந்தது.

மனைவி வாக்கரை ஓங்கித் தரையில் வைத்தாள். "எனக்கு ஒரு காலு போதும். நீ போயி சேரு."

"ஒரு கால வெச்சிகினு இன்னா பண்ணப்போற, நொண்டி ஆடப்போறியா?" என்றாள் மகள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த வேலை போனா இன்னொண்ணு வரும். ரெண்டாவது முட்டி முடியட்டும்."

"அதுக்காக உன் வாழ்க்கைய..."

"ம்மா, இட்லி ஆறுது."

அவ்வளவுதான். அந்தப் பேச்சு அங்கே முடிந்தது. நான் இட்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போன இடத்துக்கு, இவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் முதுகைக் காட்டியிருக்கிறாள். இந்தப் பக்குவம் என்னிடமிருந்து வந்ததில்லை. என் மகளைப் பார்த்தே எனக்குப் பொறாமை வந்தது. அவளுக்கு வயது இருபத்து நான்கு.

இடது காலும் தை மாதம் முடிந்தது. பங்குனியில் மகளுக்கு வேறொரு ஆபீசில், அந்தக் கப்பல் ஆபீஸ் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவான ஆனால் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. கார்டு போய்விட்டது. இப்போது எங்கள் வீட்டில் யாரிடமும் கார்டு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி மேல்மாடிக்குப் போகலாம் என்றாள். மூன்று வருஷமாக மொட்டைமாடியைப் பார்க்காதவள். முன்னால் ஏறினாள். கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை. செருப்புச் சத்தம் சீராக, அழகாக விழுந்தது. பின்னால் நான் துணி வாளியோடு. பன்னிரண்டாவது படியில் என் வலது முட்டிக்குள் ஏதோ கடக் என்றது. வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நாளாகவே அது அப்படித்தான் செய்கிறது.

மேலே சத்தம் நின்றது. "இன்னாய்யா, அங்கயே நின்னுட்ட?" என்று மனைவி கேட்டாள். மகள் அவளுக்கு முன்பே மேலே போயிருந்தாள். அவளும் எட்டிப் பார்த்தாள்.

"கம்பெனிலருந்து போன்" என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத அந்தப் பக்கத்துக்கு, சரி சார், சரி சார் என்று சொல்லிக்கொண்டே மீதிப் படிகளில் ஏறினேன்.